வஹாக்காவில் ஏழு நாட்கள்: அனா மெண்டியேத்தாவின் உருவரைகளைத் தேடி

மார்ச் 15, சனி. வஹாக்கா நகரம்

ரொறொன்ரோவிலிருந்து மெக்சிக்கோ நகரம் வழியாக இன்று பிற்பகல் வஹாக்கா வந்து சேர்ந்தேன். ஒரு வாரம் இந்த மாநிலத்தில் தங்கியிருந்து, அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதி இட எண்ணியிருக்கிறேன். கோயில்களையும் தொல்நகரங்களையும் பார்க்க இங்கு வருவோர் பலர். நான் வந்திருப்பது ஒரு கலைஞரின் தடங்களைப் பார்க்க. அனா மெண்டியேத்தா 1973 தொடக்கம் சில கோடைகாலங்களில் இங்கு வந்து, இந்த மண்ணிலும் கல்லிலும் நீரிலும் தன் உடலைக் கிடத்தினார். பிறகு உடலை எடுத்துவிட்டு, அது கிடந்த வடிவத்தை மட்டும் விட்டுச் சென்றார். அந்த வரிசைக்கு அவர் இட்ட பெயர் 'சிலுவேத்தா', அதாவது உருவரை. உடலையும் செயலையுமே கலையாக்கும் ஆற்றுகைக் கலை பற்றி யாரேனும் என்னிடம் கேட்டால் மேடையையோ அரங்கையோ நான் சொல்வதில்லை. இந்த வெறும் வடிவங்களைத்தான் சொல்வேன்.

அவர் 1948இல் ஹவானாவில் பிறந்தவர். புரட்சிக்குப் பின்னான ஆண்டுகளில் 14,000க்கும் மேற்பட்ட கியூபப் பிள்ளைகள் பெற்றோர் இன்றி அமெரிக்காவுக்கு விமானமேற்றி அனுப்பப்பட்டார்கள். அதற்குப் 'பீட்டர் பான் நடவடிக்கை' என்று பெயர். 1961இல் அனாவும் அவருடைய அக்காவும் அவ்வாறே அனுப்பப்பட்டார்கள். அனாவுக்கு அப்போது 12 வயது. அயோவா மாநிலத்தில் அநாதை இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் மாறிமாறி இருந்தார். தாய் வந்து சேர்ந்தது 1966இல். சிறையில் இருந்த தந்தை வந்தது 1979இல். ஹவானாவில் வசதியான வெள்ளையினக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தவருக்கு, அயோவாவின் பள்ளிக்கூடத்தில்தான் தான் வெள்ளையர் அல்லர் என்பது சொல்லிக் காட்டப்பட்டது. அவருடைய கலை முழுவதும் அந்தப் பள்ளிக்கூட வாசலில் இருந்து தொடங்குவதாகவே நான் நினைக்கிறேன்.

நானும் 12 வயதில் அனுப்பப்பட்டவள். 1990இல், அண்ணாவுடன், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாகக் கனடாவில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு. அம்மா ஊரிலேயே இருந்தார். பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தடித்த கலை நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மெண்டியேத்தாவின் ஒரு படம் கண்ணில் பட்டது. அதன் கீழே இருந்த வாழ்க்கைக் குறிப்பை வாசித்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திருப்ப மனமின்றி நெடுநேரம் இருந்தேன். அந்தப் படத்தின் இடத்துக்குத்தான் நாளை போகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 1985 செப்டெம்பர் 8ஆம் திகதி, நியூயோர்க்கில், 34ஆம் மாடியில் இருந்த வீட்டின் சாளரத்திலிருந்து விழுந்து அவர் இறந்தார். வயது 36. கணவரான சிற்பி கார்ல் ஆண்ட்ரே மீது கொலை வழக்கு நடந்து, 1988இல் அவர் விடுவிக்கப்பட்டார். மெண்டியேத்தாவைப் பற்றி எழுதுவோரில் பலர் இந்த இடத்தில் தொடங்கி, அவர் மண்ணில் பதித்த ஒவ்வொரு வடிவத்தையும் அந்த வீழ்ச்சியின் முன்னறிவிப்பாக வாசிக்கிறார்கள். அது அநீதி என்பது என் உறுதியான எண்ணம். அவர் செய்தவை அவர் உயிரோடு இருந்தபோது, நிறைந்த விழிப்போடு, ஒரு தொழிலாளியின் கவனத்தோடு செய்தவை.

மாலையில் நவம்பர் 20 சந்தைக்குள் இறைச்சி சுடும் 'புகைச் சந்து' வழியாக நடந்தேன். இரண்டு பக்கமும் கம்பிகளில் தொங்கும் மாட்டிறைச்சித் தகடுகள், கரியடுப்பு, கண்ணைக் கரிக்கும் புகை. 1973இல் இந்த நகரத்து விடுதி ஒன்றின் மொட்டைமாடியில் மெண்டியேத்தா வெள்ளைத் துணி போர்த்திப் படுத்து, அதன்மேல் இரத்தம் தெளித்து, நெஞ்சின்மேல் ஒரு விலங்கின் இதயத்தை வைத்துப் படமெடுக்கச் செய்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னர் அவர் படித்த பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி வன்புணர்ந்து கொல்லப்பட்டிருந்தாள். இந்தச் சந்தில் நின்றபோது, அந்த இதயமும் இப்படியொரு கொக்கியில் விலைக்குத் தொங்கிய பொருளாகத்தானே இருந்திருக்கும் என்ற எண்ணம் வந்தது. எதையும் சாப்பிடாமல் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு. த்லாகொலூலா, யகூல்

வஹாக்காவிலிருந்து மித்லாவுக்குப் போகும் 190ஆம் இலக்க நெடுஞ்சாலையில், நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது யகூல். அதற்குச் சற்று முன்னால் வரும் த்லாகொலூலாவில் ஞாயிறுதோறும் பெருஞ்சந்தை கூடுகிறது. யகூல் படத்துக்கான பூக்களைச் சந்தையில் வாங்கியதாக மெண்டியேத்தாவே சொல்லியிருப்பதால், நானும் முதலில் சந்தையில் இறங்கினேன்.

பூக்கடைக்காரப் பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டது ஸ்பானிய மொழியில் அன்று, இந்தப் பகுதித் தொல்குடிகளின் மொழியான சாப்பொத்தெக்கில். வாளிகளில் நிறுத்தியிருந்த வெள்ளைப் பூக்களின் வாசனை எனக்கு நன்கு தெரிந்த வாசனை. குனிந்து பார்த்தேன், நிலசம்பங்கி. கோயில் மாலைகளில் கோத்து, கலியாணத்துக்கும் சாவீட்டுக்கும் ஒன்றுபோலக் கொண்டுபோகிற இந்தப் பூ பிறந்த நாடு மெக்சிக்கோ. ஐரோப்பியர் கப்பல்களில் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்து, எங்களுடையதாகவே ஆகிவிட்டது. ஒரு கட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஏற்றமான பாதையில் ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. மழை பெய்து பல மாதங்களாகிவிட்டதால் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் இருந்தது. தூண் கள்ளிகள் மட்டும் பச்சை. யகூல் ஒரு சிறு குன்றின் சரிவில் அமைந்த சாப்பொத்தெக் நகரம். பந்தாட்டக் களம் ஒன்றும், உள்ளே போனால் வழி தடுமாறும் ஒடுங்கிய நடைகளைக் கொண்ட 'ஆறு முற்றங்களின் அரண்மனை'யும், தரைக்குள் இறங்கும் கல்லறைகளும் இருக்கின்றன. இந்தப் பக்கத்து மலைக்குகை ஒன்றில் கிடைத்த பூசணி விதைகள் 10,000 ஆண்டு பழையவை. மனிதர் பயிரிட்டதற்கு இந்தக் கண்டத்தில் கிடைத்த மிகப் பழைய சான்று அவைதான் எனக் கருதப்படுவதால், 2010இல் யுனெஸ்கோ இந்தக் குகைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

திறந்து கிடக்கும் கல்லறை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து, அந்தப் படத்தை நினைவில் வரி வரியாக வாசித்தேன். கற்கள் அடுக்கிய ஒடுங்கிய குழி. அதற்குள் நிமிர்ந்து கிடக்கும் ஆடையற்ற பெண்ணுடல். முகம் தெரியாது. பச்சைத் தண்டுகளோடு கூடிய சிறுசிறு வெள்ளைப் பூக்கள் கைகளுக்கும் கால்களுக்கும் நடுவிலிருந்து முளைத்து, மார்பையும் முகத்தையும் மூடியிருக்கின்றன. பிணத்தின்மேல் சாத்திய பூக்கள் இப்படி இருப்பதில்லை. அவை மேலே இருந்து விழுந்து கிடக்கும். இவையோ கீழே இருந்து மேலே போகின்றன. காலமும் வரலாறும் தன்னை மூடியிருப்பதாகவே அதைக் கருதியதாக அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் பிரேடர் கமராவை இயக்கினார். எப்படி எடுக்கவேண்டும் என்று சொன்னவர் மெண்டியேத்தா. வேறு பார்வையாளர் இல்லை. தன்னைப் பார்க்க ஒருவரும் கூடாத இடத்தில் ஓர் ஆற்றுகை நடக்கிறது. அதைப் பார்த்தது கல்.

குழியின் உட்சுவரில் இரண்டு கற்களுக்கு நடுவில், விரல் நீளத்தில் ஒரு செடி இருந்தது. இலைகள் காய்ந்து சுருண்டிருந்தன. தொட்டுப் பார்த்தபோது தண்டு மட்டும் வளைந்தது, முறியவில்லை. அவர் வந்தது கோடையில், இங்கே அதுதான் மழைக்காலம். இந்தக் குன்று முழுவதும் அப்போது பசுமையாக இருந்திருக்கும். பூக்களைச் சந்தையில் வாங்கினாலும், அவை உடலில் இருந்து முளைப்பதுபோலத் தோன்றியதில் அந்த மழைக்கும் பங்கு உண்டு என்பது நேரில் வந்தபின்தான் விளங்கியது.

பைக்குள் இருந்த நிலசம்பங்கியை எடுத்து அந்த விளிம்பில் வைக்கலாம் என்று எண்ணியே வந்தேன். வைக்கவில்லை. காலையில் பார்த்த பூக்காரப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். இந்தக் கல்லறை அவர்களுடைய முன்னோருடையது. கியூபாவின் கதவு தனக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில் மெண்டியேத்தா மெக்சிக்கோவைத் தன் மூலத்துக்குத் திரும்பும் வழியாகக் கண்டார். அதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஏக்கம் எனக்கு அந்நியமானதன்று. ஆனால் ஒருவருடைய மூலம் இன்னொருவருடைய சுடலையாக இருக்கும்போது, அங்கே படுப்பதற்கு யாரிடம் கேட்பது? கணவனை இழந்த சங்கப் பெண் ஒருத்தி, தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யும்படி குயவனிடம் கேட்டாள். அவள் கேட்டது தன்னுடையவனின் தாழியில் இடம். மெண்டியேத்தாவுக்கு இந்தக் குழிக்குள் யாரும் இல்லை.

அதன்பின் அரண்மனையின் நடைகளுக்குள் போனேன். 1974இல் அவர் இங்கு திரும்பி வந்து, இந்தத் தளத்தில் ஓர் உடலின் வடிவத்தை வரைந்து அதை இரத்தத்தால் நிரப்பிப் படமாக்கினார். முதல் ஆண்டு உடல் இருந்தது, அடுத்த ஆண்டு வடிவம் மட்டும் இருக்கிறது. பிறருடைய இடத்தில் படுப்பது தகாது என்று உணர்ந்து, உடலை விலக்கிக்கொள்ள அவர் கற்றுக்கொண்டார் போலும். சிலுவேத்தா பிறந்தது அந்த நாணத்திலிருந்துதான் என்று எண்ணிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினேன்.

பூக்கட்டு இப்போது அறையில், பல் துலக்கும் குவளைக்குள் இருக்கிறது.

மார்ச் 17, திங்கள். சான் ஃபெலிப்பே

நேற்று கடைசியாக எழுதியதைத் திருத்தவேண்டும். அது எனக்கு ஆறுதல் தந்த விளக்கமே தவிர உண்மை அன்று. இன்று நகரத்தின் வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் சான் ஃபெலிப்பேக்குப் போனேன். இங்குள்ள ஓடையில் மெண்டியேத்தா முழு உடலோடு கிடந்து சுப்பர் 8 என்ற சிறு திரைச்சுருளில் ஒரு படம் எடுத்தார். கமரா அசையாது, தண்ணீர் மட்டும் அவர்மேல் ஓடிக்கொண்டிருக்கும். அது எடுக்கப்பட்டதும் அதே 1974இல்தான். ஆகவே உடலை விலக்கக் கற்றுக்கொண்டார் என்ற என் அழகான ஏறுவரிசை நிற்காது. அவர் அந்த ஆண்டில் இரண்டையும் செய்தார்: ஓரிடத்தில் கிடந்தார், ஓரிடத்தில் கிடந்ததன் அடையாளத்தை மட்டும் விட்டார். ஒன்றைவிட்டு மற்றொன்றுக்கு அவர் 'முன்னேறவில்லை'.

ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. கற்களின்மேல் அது எப்படிப் பிரிந்து மறுபடியும் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மதியத்துக்குள் திரும்பினேன்.

மார்ச் 18, செவ்வாய். குயிலாப்பம்

குயிலாப்பம் நகரத்திலிருந்து 10 கிலோமீற்றர் அளவில் இருக்கும் சிற்றூர். அங்கே 16ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் சபைத் துறவிகள் கட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்ட பெரிய மடம் இருக்கிறது. வழிபாட்டு மண்டபத்துக்குக் கூரை இல்லை. இரண்டு வரிசைத் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மெக்சிக்கோவின் விடுதலைப் போராளியும் முன்னாள் சனாதிபதியுமான விசெந்தே கெரேரோ 1831 பெப்ரவரி 14ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டது இந்த வளாகத்தில்தான். ஊரின் முழுப்பெயரிலும் அவர் பெயர் சேர்ந்திருக்கிறது.

நான் பார்க்க வந்தவை மாடங்கள். சுவர்களில் திருவுருவங்கள் வைப்பதற்காகக் குடைந்து, இன்று வெறுமையாக இருக்கும் மாடங்கள். மெண்டியேத்தா அவற்றுக்குள் தன் உருவரையை வைத்துப் படமெடுத்தார். உயரத்தை அளக்க ஒரு மாடத்தின் முன் நின்று பார்த்தேன். நான் ஐந்தடி, அவரும் குள்ளமானவர் என்று படித்திருக்கிறேன். மேல் வளைவு என் தலைக்கு மேலே இன்னும் இரண்டு சாண் போகிறது. அந்த மாடத்துக்கு ஒரு புனிதர் தேவைப்படுகிறார், ஒரு சிறிய பெண் அதை நிரப்பப் போதாது. படத்தில் பார்க்கும்போது இந்த அளவு வித்தியாசம் தெரிவதில்லை.

புனிதரை அறிய முகம் வேண்டும். கையில் சாவியோ வாளோ சிலுவையோ வேண்டும். முகத்தாலும் பொருளாலும்தான் 'இவர் இன்னார்' என்று சொல்கிறோம். கடவுச்சீட்டும் அப்படித்தான் சொல்கிறது. அயோவாவில் மாணவியாக இருந்தபோது மெண்டியேத்தா முகத்தை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தவர்: 1972இல் நண்பர் ஒருவர் தன் தாடியை வெட்டிவெட்டிக் கொடுக்க, அதை மயிர்மயிராகத் தன் மேலுதட்டிலும் நாடியிலும் ஒட்டிக்கொண்டார். அதே ஆண்டில் ஒரு கண்ணாடித் தகட்டில் முகத்தை அழுத்தி, மூக்கும் உதடும் உருத்திரிந்துபோகும் வரை படமெடுத்தார். இவற்றைப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடும், எனக்கு வந்ததில்லை. புதிய நாட்டின் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உன் முகத்தைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த முகத்தைக் கண்ணாடியில் அழுத்தி வேறாக்கிப் பார்க்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஓராண்டு கழித்து யகூலில் அந்த முகத்தைப் பூக்கள் மூடின. பின்னர் முகமே இல்லாத வடிவம் மட்டும் நின்றது. தோள், இடுப்பு, சில நேரங்களில் மேலே தூக்கிய இரண்டு கைகள். அதைப் பார்த்து அவர் கியூபரா அமெரிக்கரா, வெள்ளையரா கறுப்பரா என்று சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஆள் இருந்தாள், இந்த உயரத்தில் இருந்தாள் என்பதை மறுக்கவும் முடியாது.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. புறப்படும் கிழமையில் அம்மா எங்களை முற்றத்தில் நிறுத்தி, கடதாசியில் எங்கள் பாதங்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வைத்தார். சப்பாத்து வாங்குவதற்காக ஊரில் எல்லோரும் அப்படி அளவெடுத்து அனுப்புவார்கள். அம்மா எங்களுடையதை யாருக்கும் அனுப்பவில்லை, பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு கடிதத்திலும் எங்கள் காலை வரைந்து அனுப்பச் சொல்லிக் கேட்பார். பழைய கடதாசியின்மேல் புதியதை வைத்துப் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாராம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டோடு அந்தப் பெட்டியும் போனது.

இரவு நகரத்தில் நாளைய புனித யோசேப்பு திருநாளுக்கான வாணவேடிக்கை. பகல் முழுவதும் நாணற்றண்டுகளைக் கட்டி எழுப்பிய கோபுரம் ஒன்று, கீழ்ச் சக்கரத்திலிருந்து தொடங்கி அடுக்கடுக்காகப் பற்றி எரிந்து, உச்சியில் ஒரு வெள்ளை வெளிச்சத்தைக் காட்டிவிட்டு அணைந்தது. 1976இல் மெண்டியேத்தா இந்த மாநிலத்து வெடிக் கைவினைஞர் ஒருவரைக் கொண்டு, தன் உடலின் வடிவில் இப்படியொரு சட்டகத்தைக் கட்டச்செய்து, அந்தி சாயும்போது கொளுத்தினார். 'அனிமா' என்று பெயர். உயிர் என்று பொருள். ஊரின் திருவிழாத் தொழில் ஒன்றை அதே தொழிலாளியின் கையாலேயே தன் கலைக்குள் அழைத்துவந்த அந்தச் செயலில், ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட கேள்விக்கு ஒரு பாதி விடை இருக்கிறது. அங்கே அவர் எடுத்துக்கொண்டார். இங்கே சேர்ந்து செய்தார். கோபுரம் அணைந்த பின்னும் நாணற்சட்டகம் இருட்டில் நெடுநேரம் சிவந்து தெரிந்தது.

மார்ச் 19, புதன்

முழுநாளும் பேருந்து. மலைகளைச் சுற்றிச்சுற்றி இறங்கி, பொழுதுபட தெஹுவாந்தெபெக்குக்கு வந்தேன். நாட்டின் மிக ஒடுங்கிய இடம் இது. இரண்டு சமுத்திரங்களுக்கு நடுவே உள்ள நிலஇடுக்கு. வெயில் யாழ்ப்பாணத்து வெயில். தலைசுற்றல் போகாததால் இன்று எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன். தெஹுவாந்தெபெக்

இன்றைய நாளை மெண்டியேத்தாவிடமிருந்து கொஞ்சம் விலகி, இந்த ஊரில் பிறந்த ஆற்றுகையாளர் லூக்காஸ் அவெந்தாஞோவுக்குக் கொடுத்தேன். அவருடைய ஆற்றுகை எதுவும் இன்று இங்கு நடக்கவில்லை. அவை எந்த மண்ணிலிருந்து வந்தன என்று பார்க்கத்தான் வந்தேன்.

அவர் ஒரு முஷே. ஆணாகப் பிறந்து, ஆணென்றோ பெண்ணென்றோ சுருக்கிவிட முடியாத வாழ்க்கை வாழ்பவர்களைச் சாப்பொத்தெக் மக்கள் முஷே என்கிறார்கள். திருநங்கை என்று மொழிபெயர்த்தால் ஓரளவு பொருந்தும், முழுவதும் பொருந்தாது. பெண்ணுடை உடுத்தாத முஷேக்களும் உண்டு. இந்த நிலஇடுக்குப் பகுதியின் சாப்பொத்தெக்கில் 'அவன்', 'அவள்' என்ற பிரிவு இல்லை. மனிதருக்கு ஒரு சொல், விலங்குக்கு ஒரு சொல், பொருளுக்கு ஒரு சொல். திணையைப் பள்ளியில் கற்ற நமக்கு இது எளிதில் விளங்கும்: உயர்திணை உண்டு, அதற்குள் பால் இல்லை. அதனால் இங்கே முஷேக்களுக்குத் துன்பமே இல்லை என்று சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதுவதை அவெந்தாஞோ ஏற்பதில்லை. அவர் மானிடவியல் படித்தவர். வெளியார் வந்து படமெடுக்கும் காட்சிப்பொருளாகத் தம் மக்கள் ஆக்கப்படுவதை நன்கு அறிந்தவர். திருமணத்திலும் துக்கத்திலும் வழிபாட்டிலும் முஷேக்கள் செய்யும் கடமைகளைத் தன் ஆற்றுகைக்குள் எடுத்துவருகிறார். மேலுடல் வெறுமையாக, இடையில் இந்த ஊர்ப் பெண்களின் அகன்ற பாவாடை. அந்த உடலைப் பார்த்து ஆணா பெண்ணா என்று முடிவெடுக்கப் பார்வையாளர் திணறும் நேரத்தில், அவர் ஒரு சடங்கைப் பொறுப்போடு செய்துகொண்டிருப்பார்.

சந்தையில் அந்தப் பாவாடைகளையும், வெல்வெட்டுத் துணியில் பூவேலை செய்த குறுஞ்சட்டைகளையும் தொட்டுப் பார்த்தேன். உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். வெளியே செம்பருத்தியளவு பெரிய பூக்கள். உள்ளே முடிச்சு ஒன்றுகூடக் கண்ணில் படாத ஒழுங்கான நூலோட்டம். தைத்தவர் ஒரு முஷே என்று கடைக்கார அம்மா சொன்னார், 'எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று சொல்லும் குரலில்.

2018 மே மாதம் அவெந்தாஞோவின் சகோதரர் புருனோ, கடற்படையில் இருந்து விடுமுறையில் வந்திருந்தபோது, இந்த ஊரிலேயே காணாமல்போனார். அப்போது ஐரோப்பாவில் இருந்த லூக்காஸ், பார்சிலோனாவில் மெக்சிக்கோவின் துணைத்தூதரகத்துக்கு முன் பாவாடை உடுத்தி, புருனோவின் படத்தை ஏந்தி, ஒரு கதிரையில் அமர்ந்தார். பக்கத்தில் இன்னொரு கதிரை வெறுமையாக இருந்தது. விரும்பியவர் அதில் வந்து உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொள்ளலாம். 'நான் யார்' என்று அதுவரை கேட்டுவந்த உடல் அன்று 'அவன் எங்கே' என்று கேட்டது, உடை மாறவில்லை. மெக்சிக்கோவில் காணாமல்போனோர் பதிவேட்டின் எண்ணிக்கை 2022இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. புருனோவின் எச்சங்கள் 2020இல் கிடைத்தன.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி முதல் தெருவோரக் கொட்டகைகளில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி இருக்கும் தாய்மாரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்வதை ஆற்றுகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெறுங்கதிரையின் பக்கத்தில் யாரை இருத்தலாம் என்று என்னிடம் கேட்டால், அவர்களைத்தான் சொல்வேன்.

விடுதி முற்றத்தில் இலை முழுவதும் உதிர்த்த ஒரு மரம், நுனிகளில் மட்டும் வெள்ளைப் பூ. இங்கே அதை மாலைக்குக் கோக்கிறார்கள். மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். தமிழில் அந்த மரத்துக்குப் பெயர் ஈழத்தலரி.

மார்ச் 21, வெள்ளி. லா வெந்தோசா

சாலினா குரூஸ் துறைமுகத்துக்கு அருகே உள்ள கடற்கரை. லா வெந்தோசா என்றால் காற்றடிக்கும் இடம் என்று பொருள். பெயர் சரியாகவே இட்டிருக்கிறார்கள். வடக்கே மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து மலை இடைவெளி வழியாக இறங்கும் காற்று மணலை வாரி முழங்காலில் அடிக்கிறது. ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் புகைபோக்கிகள், மறுபக்கம் மீன்பிடிப் படகுகள், நடுவில் கயிற்றுக்கட்டில் தொங்கும் ஓலைக்கொட்டில்கள். 1976இல் மெண்டியேத்தா வந்தபோது சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டிருக்கவில்லை.

அலை வந்து தொடும் ஈரமணலில் அவர் தன் உடலளவு ஒரு பள்ளத்தைக் குடைந்து, அதற்குள் சிவப்புத் தூளை இட்டார். பிறகு விலகி நின்று, அலை உள்ளே வந்து சிவப்பைக் கலைத்து, விளிம்புகளைத் தின்று, வடிவத்தைக் கொண்டுபோகும்வரை தொடர்ச்சியாகப் படமெடுத்தார். அலைகளை எண்ணிப் பார்த்தேன். என் பாதச்சுவடு ஒன்று மூன்றாவது அலையில் ஆழம் இழந்தது, ஏழாவதில் ஒன்றுமில்லை. ஓர் உடலளவு பள்ளம் இன்னும் பல அலைகளுக்குத் தாங்கும். அவர் கமராவோடு பொறுமையாக நிற்கப் போதிய நேரம் இருந்திருக்கும்.

இந்தக் கலைஞரிடம் நான் பெரிதும் மதிப்பது இந்த நிற்றலைத்தான். தன் வடிவம் அழிவதை அவர் தடுக்கவில்லை, அழுதுகொண்டு திரும்பிப் போகவுமில்லை. கட்டம் கட்டமாகப் பதிவு செய்தார். 1980இல் கியூபாவுக்குப் போக வாய்த்தது. 1981இல் ஹவானாவுக்கு அருகே ஹருக்கோ மலைச் சுண்ணாம்புக் குகைகளில் பெண்ணுருவங்களைச் செதுக்கினார். அவற்றுக்கு அந்தத் தீவின் தொல்குடிகளான தைனோ மக்களின் தெய்வப் பெயர்களை இட்டார். சொந்த மண் கிடைத்ததும் கல்லில் வெட்டினார். இரவல் மண்ணில் செய்தவை பெரும்பாலும் விரைவில் அழிபவை. அவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது என்பதை இந்தக் கரையில் நின்றுதான் நான் ஒப்புக்கொள்கிறேன். யகூலில் நான் அவர்மேல் கொண்ட மனத்தாங்கலில் பாதி இங்கே கரைந்தது. மீதிப் பாதி இருக்கிறது, இருக்கட்டும்.

நானும் மணலில் படுத்துப் பார்ப்பேனோ என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். படுக்கவில்லை. ஓலைக்கொட்டிலில் காற்று மறைப்பாக ஒதுங்கி, அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா காலை வரைந்த கடதாசி நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓமோம், கலண்டர் தாளுக்குப் பின்பக்கம். என்ரை ரெண்டு காலும் வரைஞ்சவ. உன்ரை ஒண்டுதான். பென்சில் கூசுதெண்டு மற்றக் காலைத் தூக்கிக்கொண்டு ஓடிட்டாய். அம்மா கடைசிவரைக்கும் அந்த ஒரு காலைத்தான் வச்சிருந்தவ."

காற்று இரைச்சலில் அதன்பின் அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை.